காய்ச்சல் முதல் மாத்திரை வரை: கிருமி நுழையும் வழி, உடம்பின் காவல், மருந்தின் வேலை

"சளி பச்சையா வருது, ஆன்டிபயாடிக் போட்டுக்கலாமா?"

நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் வேலை என்று தெரிந்தால் போதும், சொந்தக்காரர்கள் தொடங்கி ரயிலில் எதிரே உட்கார்ந்தவர் வரை இதைக் கேட்டுவிடுவார்கள். பச்சை என்றால் பாக்டீரியா என்ற கணக்கு எப்படியோ எல்லோர் மனதிலும் பதிந்துவிட்டது. அந்தப் பச்சை பெரும்பாலும் நம்முடைய வெள்ளையணுக்களின் நிறம். நியூட்ரோபில் என்ற வெள்ளையணுவுக்குள் மைலோபெராக்சிடேஸ் என்றொரு நொதி நிறைந்திருக்கும். இரும்பு கலந்த அந்த நொதிக்கே பச்சை நிறம். வைரஸால் வந்த சளியிலும் நியூட்ரோபில்கள் கூட்டமாக வந்து செத்து விழும். சில நாளில் சளி மஞ்சளாகி, பச்சையாகி, பிறகு தானே தெளியும். உள்ளே சண்டை நடக்கிறது என்று மட்டும் அந்த நிறம் சொல்கிறது. யாரோடு சண்டை என்று சொல்வதில்லை.

யாரோடு சண்டை, அவன் எந்த வழியாக வந்தான், உடம்பு ஏற்கெனவே என்ன செய்துகொண்டிருக்கிறது, இதெல்லாம் தெரிந்த பிறகுதான் மருந்தைப் பற்றிப் பேச முடியும். நம்மில் பலர் கடைசிப் படியில் காலை வைத்துத் தொடங்குகிறோம். நான் முதல் படியிலிருந்து வருகிறேன். மருத்துவரைப் பார்க்கப் போகும்போது என்ன கேட்க வேண்டும், அவர் தரும் சீட்டையும் ஆய்வக அறிக்கையையும் எப்படிப் புரிந்துகொள்வது என்பதற்கு இது உதவும். அவருக்குப் பதிலாக இதை வைத்துக்கொள்ள வேண்டாம்.

படி 1: எதிரி யார்?

நான்கு பெரிய கூட்டங்கள்: பாக்டீரியா, வைரஸ், பூஞ்சை, ஒட்டுண்ணி. ஆன்டிபயாடிக் என்று நாம் பொதுவாகச் சொல்வது முதல் கூட்டத்துக்கு மட்டும். சாதாரண ஜலதோஷம், ஃப்ளூ, கோவிட், டெங்கு, தட்டம்மை, சின்னம்மை எல்லாம் வைரஸ். டைபாய்டு, காசநோய், காலரா, பெரும்பாலான சிறுநீர்ப் பாதைத் தொற்றுகள் பாக்டீரியா. படர்தாமரை பூஞ்சை. மலேரியா ஒட்டுண்ணி. தொண்டை வலியில் பெரும்பங்கு வைரஸ்தான். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியாவால் வருவது சிறுபங்கு, அதற்குத் தனியாகச் சோதனை உண்டு.

காய்ச்சலின் சூட்டை வைத்து இவற்றைப் பிரிக்க முடியாது. 103 டிகிரி காய்ச்சல் வைரஸிலும் வரும், பாக்டீரியாவிலும் வரும். பிரிப்பதற்குத்தான் ஆய்வகம்.

அங்கே நடப்பதில் பழையதும் எனக்குப் பிடித்ததும் கிராம் சாயம். டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் 1884இல் வெளியிட்ட முறை, இன்றும் தினமும் செய்கிறோம். சளியை ஸ்லைடில் மெல்லியதாகத் தேய்த்துக் காயவைத்து, கிரிஸ்டல் வயலெட் 1 நிமிடம், அயோடின் 1 நிமிடம், பிறகு ஆல்கஹாலில் சில நொடி அலசல், கடைசியாக சாஃப்ரனின். அந்த ஆல்கஹால் நொடிகளில்தான் கைப்பக்குவம் இருக்கிறது. ஒரு கணம் அசந்தால் ஊதா முழுக்க வெளுத்துப்போகும். சரியாகச் செய்தால், தடித்த சுவருள்ள பாக்டீரியா சாயத்தைப் பிடித்துக்கொண்டு ஊதாவாக நிற்கும். சுவர் மெலிந்து, அதற்கு வெளியே இன்னொரு கொழுப்புப் போர்வை உள்ளது இளஞ்சிவப்பாகத் தெரியும். இந்த ஊதா, சிவப்பு வித்தியாசம் எந்த மருந்து உள்ளே நுழையும், எது நுழையாது என்பதற்கான முதல் துப்பு. கால் மணி நேரத்தில் கிடைத்துவிடும்.

மாதிரி கொடுக்கிறவர் செய்ய வேண்டியது ஒன்றிரண்டு உண்டு. சளி கேட்டால் எச்சிலைத் துப்பிக் கொடுக்காதீர்கள். மைக்ராஸ்கோப்பில் வாயின் தோல் செல்கள் குவிந்து கிடந்தால் அந்த மாதிரியை நாங்கள் திருப்பி அனுப்பிவிடுவோம். காலையில் எழுந்ததும் நெஞ்சிலிருந்து இருமி எடுத்ததுதான் உதவும். சிறுநீர் என்றால் முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் பிடியுங்கள், 2 மணி நேரத்துக்குள் கொண்டுவந்து கொடுங்கள். முக்கியமாக, உயிருக்கு ஆபத்தான நிலை இல்லையென்றால், கல்ச்சருக்கு, அதாவது கிருமியைத் தட்டில் வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, மாதிரி கொடுத்த பிறகே முதல் ஆன்டிபயாடிக். இரண்டு டோஸ் உள்ளே போய்விட்டால் தட்டில் ஒன்றும் முளைக்காது. "கிருமி இல்லை" என்று அறிக்கை வரும், காய்ச்சல் மட்டும் இருக்கும். இதைப்போல் மண்டையை உடைக்கும் அறிக்கை வேறு கிடையாது.

படி 2: எந்த வழியாக வந்தது?

ஒவ்வொரு கிருமிக்கும் வெளியேற ஒரு வாசல், பயணிக்க ஒரு வழி, நுழைய ஒரு வாசல் வேண்டும். மூன்றில் எதை அடைத்தாலும் சங்கிலி அறுந்துவிடும். எது சுலபமாக அடைபடும் என்பதுதான் கேள்வி.

1854இல் லண்டனின் பிராட் தெருவில் காலரா பரவியபோது, ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் இறந்தவர்களின் வீடுகளைக் கணக்கெடுத்துப் பார்த்தார். கிட்டத்தட்ட எல்லாம் ஒரே குடிநீர்ப் பம்பைச் சுற்றி இருந்தன. பம்பின் கைப்பிடியைக் கழற்ற வைத்தார். காலராக் கிருமி இன்னது என்று ஊரில் யாருக்கும் தெரியாத காலம் அது. வழி தெரிந்தால் போதும், எதிரியின் பெயர் தெரியாமலே கதவைச் சாத்தலாம். அதற்கு 7 ஆண்டு முன்பே, 1847இல், வியன்னா பொது மருத்துவமனையின் பிரசவ வார்டில் இக்னாஸ் செம்மெல்வைஸ் இதே வித்தையைக் கைகளில் காட்டினார். பிணப் பரிசோதனை முடித்து நேரே பிரசவம் பார்க்க வரும் மருத்துவர்கள் குளோரின் கரைசலில் கை கழுவ வேண்டும் என்று கட்டாயமாக்கினார். ஏப்ரலில் 18 சதவீதத்தைத் தாண்டியிருந்த தாய்மார் இறப்பு ஜூனில் 2 சதவீதம் அளவுக்கு இறங்கியது. சக மருத்துவர்கள் பலர் அவரை ஏற்கவில்லை என்பது வேறு கதை.

எத்தனை கிருமி உள்ளே போனால் நோய் வரும் என்பதும் வழியைப் பொறுத்தது. காலராவை நல்ல ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்குக் கொடுத்துச் சோதித்தபோது, நோய் வரப் பத்துக் கோடி அளவில் கிருமிகள் தேவைப்பட்டன. வயிற்று அமிலம் மற்றதையெல்லாம் கொன்றுவிட்டது. சோடா உப்பு கொடுத்து அமிலத்தைத் தணித்த பிறகு கொடுத்தால், பத்தாயிரம் அளவே போதுமானதாக இருந்தது. ரத்த பேதியை உண்டாக்கும் ஷிகெல்லாவோ அமிலத்தைத் தாங்கும் கிருமி, அதற்கு 10 முதல் 100 வரை இருந்தாலே போதும். அதனால்தான் காலரா பெரும்பாலும் கெட்ட தண்ணீரால் பரவுகிறது, ஷிகெல்லா கழுவாத விரல் நுனியிலேயே பரவிவிடுகிறது. வாயுத் தொல்லைக்கென்று வருடக்கணக்கில் அமிலம் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குக் குடல் தொற்று கூடுதலாக வருவதன் காரணமும் இதற்குள்ளேயே இருக்கிறது.

காற்றில் பரவுவதில் தட்டம்மையை மிஞ்ச ஆளில்லை. நோயாளி அறையை விட்டுப் போன பிறகும் 2 மணி நேரம் வரை காற்றில் தங்கும். எதிர்ப்பு சக்தி இல்லாத கூட்டத்தில் ஒருவர் 12 முதல் 18 பேருக்குக் கொடுப்பார். இதற்குக் கை கழுவினால் போதாது. தடுப்பூசியும், திறந்த ஜன்னலும், மாஸ்க்கும் வேண்டும். வாந்திபேதி தரும் நோரோவைரஸுக்கு ஜன்னல் திறந்து பெரிய பலனில்லை. அங்கே சோப்பும் தண்ணீரும்தான். ஆல்கஹால் சானிடைசர் நோரோவைரஸிடம் திணறும், குடலைப் புண்ணாக்கும் கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசில் என்ற பாக்டீரியாவின் வித்துகளிடம் தோற்றே போகும். பேதி இருக்கும் வீட்டில் சானிடைசரை நம்பாமல் 20 நொடி தேய்த்துக் கழுவுங்கள். மற்ற நேரத்தில் 60 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள சானிடைசர் நன்றாகவே வேலை செய்யும்.

கொசு, ரத்தம், உடலுறவு, தாயிடமிருந்து பிள்ளைக்கு என்று இன்னும் வழிகள் உண்டு. கேள்வி எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்: எந்த வாசலை அடைப்பது சுலபம்?

படி 3: மாத்திரைக்கு முன்பே வேலை செய்கிற காவல்

நோய் எதிர்ப்பு சக்தி என்றதும் ஆன்டிபாடி, தடுப்பூசி என்று பேச்சு போய்விடும். புதிய கிருமிக்கு எதிராக ஆன்டிபாடி தயாராக ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அதுவரை உயிரோடு வைத்திருப்பது பிறவியிலேயே வந்த காவல். அதற்கு யாரும் பாடம் சொல்லித்தர வேண்டியதில்லை.

முதலில் மதில். தோல் வறண்டது, லேசான அமிலத்தன்மை கொண்டது, மேல் அடுக்கு ஓயாமல் உதிர்வது. ஒட்டிய கிருமியும் கூடவே உதிரும். மூச்சுக்குழாயில் சளிப் படலம் ஒட்டுப்பசை மாதிரி கிருமியைப் பிடிக்க, அதன் அடியில் இருக்கும் நுண்ணிய முடிகள் அதை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். புகை பிடித்தால் இந்த முடிகள் முடங்கும். புகை பிடிப்பவரின் காலை இருமல் அந்த வேலையை இருமலால் செய்து தீர்க்கும் முயற்சி. குடலிலும் தோலிலும் குடியிருக்கும் நல்ல பாக்டீரியாக்களும் மதிலின் பகுதிதான். இடத்தையும் உணவையும் பிடித்துக்கொண்டு வெளியாளை ஒட்டவிடாது. ஆன்டிபயாடிக் அவற்றையும் சேர்த்துக் கொல்லும்போது, மேலே சொன்ன கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசில் காலி இடத்தில் குடியேறிக் கடும் பேதியைக் கொடுக்கும்.

கண்ணீரிலும் எச்சிலிலும் மூக்குச் சளியிலும் லைசோசைம் என்றொரு நொதி இருக்கிறது. அலெக்சாண்டர் ஃபிளெமிங், பெனிசிலினுக்கு முன்பு, ஜலதோஷத்தோடு இருந்த தன் மூக்குச் சளியையே பாக்டீரியாத் தட்டில் விட்டுப் பார்த்தார். பாக்டீரியா கரைந்தது. 1922இல் லைசோசைம் என்று பெயர் வைத்து வெளியிட்டார். பாக்டீரியாவின் சுவரைப் பின்னியிருக்கும் சர்க்கரைச் சங்கிலியை அந்த நொதி வெட்டுகிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த படியில் மறுபடி வரும்.

மதிலைத் தாண்டிவிட்டால் காவலாளிகள். 1882இல் சிசிலியின் மெசினாவில் இலியா மெச்னிகாஃப் கண்ணாடி போல் ஒளி ஊடுருவும் நட்சத்திரமீன் குஞ்சுக்குள் ரோஜா முள்ளைச் செருகி வைத்தார். மறுநாள் காலையில் பார்த்தால், நகரும் செல்கள் முள்ளைச் சூழ்ந்து நின்றன. கிருமியை விழுங்கும் செல் என்ற கருத்து அங்கே பிறந்தது. 1908இல் நோபல் பரிசு, பால் எர்லிக்கோடு பகிர்ந்து.

நம் உடம்பில் அந்த வேலையை முதலில் செய்வது திசுக்களில் காத்திருக்கும் மேக்ரோபேஜ். கிருமியின் பெயர் அதற்குத் தெரியாது. ஆனால் பாக்டீரியாச் சுவரின் துண்டு, பாக்டீரியா நீந்தப் பயன்படுத்தும் வாலின் புரதம், வைரஸின் இரட்டை இழை ஆர்என்ஏ மாதிரி நம்மிடம் இல்லாத அடையாளங்கள் தெரியும். டோல் ஏற்பிகள் என்று சொல்லும் உணர்விகள் வழியாக அவற்றைக் கண்டுகொள்ளும். இந்த ஏற்பிகளைப் பற்றிய வேலைக்காக ஜூல்ஸ் ஹாஃப்மனும் புரூஸ் பியூட்லரும் 2011இல் நோபல் பெற்றார்கள். அடையாளம் கண்டதும் மேக்ரோபேஜ் ரசாயன அலறலை விடும். ரத்தக்குழாய் விரியும், அந்த இடம் சிவந்து சூடாகி வீங்கும், நியூட்ரோபில்கள் குழாயின் சுவரைப் பிதுக்கிக்கொண்டு வெளியே வரும். எலும்பு மஜ்ஜை நாளொன்றுக்குச் சுமார் 10,000 கோடி நியூட்ரோபில்களை உருவாக்குகிறது. விழுங்கிய கிருமியின் மேல் ஹைட்ரஜன் பெராக்சைடையும், முன்னே சொன்ன பச்சை நொதியின் உதவியோடு வீட்டு பிளீச்சில் இருக்கும் அதே வகை அமிலத்தையும் ஊற்றிக் கொல்லும். கொன்று தானும் சாகும். குவிந்த பிணங்கள்தான் சீழ்.

வைரஸுக்கு வேறு உபாயம். வைரஸ் புகுந்த செல் இன்டர்ஃபெரான் என்ற புரதத்தை வெளியே விட்டு அக்கம்பக்கத்துச் செல்களை உஷார்ப்படுத்தும், அவை கதவடைத்துக்கொள்ளும். 1957இல் ஐசக்ஸும் லிண்டன்மனும் லண்டனில் கண்டுபிடித்தார்கள். ஹெபடைடிஸ் சி நோய்க்கு முன்பு இன்டர்ஃபெரானை ஊசியாகப் போட்டபோது, நோயாளிகளுக்கு அச்சு அசலாக ஃப்ளூ மாதிரியே காய்ச்சலும் உடம்பு வலியும் வந்தன. ஃப்ளூவில் அடித்துப் போட்ட மாதிரி வலிப்பதில் பெரும்பங்கு வைரஸ் செய்வதில்லை, நம் காவல் செய்கிறது.

காய்ச்சலும் அப்படித்தான். அலறல் ரசாயனங்கள் மூளையில் இருக்கும் வெப்பக் கட்டுப்பாட்டை மேலே ஏற்றி வைக்கின்றன. உடம்பு 99இல் இருக்கும்போது மூளை 103 வேண்டும் என்கிறது, அதனால் குளிர்கிறது, நடுங்குகிறது. 1975இல் இகுவானா என்ற பாலைவனப் பல்லிகளுக்குப் பாக்டீரியா ஏற்றி வெவ்வேறு சூட்டில் வைத்துப் பார்த்தார்கள். தானாகச் சூடு ஏற்றிக்கொள்ளத் தெரியாத பிராணி அது. வெப்பமான இடத்தில் வைத்தவை அதிகம் பிழைத்தன, குளிர்ந்த இடத்தில் வைத்தவை அதிகம் செத்தன. அதற்காக நீங்கள் காய்ச்சலோடு தவிக்க வேண்டியதில்லை. உடம்பு நோகிறது, தூங்க முடியவில்லை என்றால் பாராசிட்டமால் போட்டுக்கொள்ளலாம். தெர்மாமீட்டரில் எண்ணைக் குறைப்பதற்காக மட்டும் மணிக்கொருதரம் மாத்திரை கொடுப்பது வீண். டெங்கு என்ற சந்தேகம் இருந்தால் ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் பக்கமே போகக் கூடாது, ரத்தக்கசிவு கூடும்.

படி 4: மருந்து எங்கே அடிக்கிறது?

கிருமியைக் கொல்வது கஷ்டமில்லை, பினாயில் கொல்லும். நம்மைக் கொல்லாமல் அதைக் கொல்வதுதான் வித்தை. அதற்கு, அதனிடம் இருந்து நம்மிடம் இல்லாத ஏதாவது வேண்டும்.

பாக்டீரியாவின் சுவர் அப்படி ஒன்று. ஃபிளெமிங் 1928இல் ஒரு பூஞ்சையிடம் கண்ட பெனிசிலின், சுவரின் சங்கிலிகளைக் குறுக்கே பிணைக்கும் நொதியை முடக்குகிறது. வளரும் பாக்டீரியா தன் சுவரைக் கட்ட முடியாமல் வெடிக்கிறது. லைசோசைமும் இதே சுவரைத்தான் வெட்டியது. உடம்பு எப்போதோ கண்டுபிடித்த இலக்கையே பூஞ்சையும் கண்டுபிடித்திருக்கிறது, இரண்டையும் கவனித்தவர் ஒரே ஆள் என்பதை இன்றுவரை என்னால் சும்மா கடந்துபோக முடிவதில்லை. சுவரே இல்லாத மைகோபிளாஸ்மா என்ற பாக்டீரியாவிடம் பெனிசிலின் வகை எதுவும் பலிக்காது. நிமோனியாவில் சிலருக்கு அமாக்ஸிசிலின் கேட்காமல் அசித்ரோமைசினோ டாக்ஸிசைக்ளினோ கேட்பதற்கு இது ஒரு காரணம்.

அந்த இரண்டும் அடிப்பது ரைபோசோமை, அதாவது புரதம் கட்டும் பட்டறையை. பாக்டீரியாவின் பட்டறை நம்முடையதிலிருந்து கொஞ்சம் மாறுபட்ட வடிவம். சிப்ரோஃப்ளாக்சசின் டிஎன்ஏ முறுக்கைச் சரிசெய்யும் நொதியைப் பிடிக்கிறது. சல்ஃபா மருந்துகள் ஃபோலிக் அமிலம் தயாரிப்பதைத் தடுக்கின்றன; நாம் அதை உணவிலிருந்து எடுத்துக்கொள்கிறோம், பல பாக்டீரியாக்கள் தாமே தயாரித்தாக வேண்டும்.

வைரஸிடம் சுவரும் இல்லை, பட்டறையும் இல்லை. நம் செல்லுக்குள் புகுந்து நம் பட்டறையை ஓட்டுகிறது. ஆன்டிபயாடிக்குக்கு அடிக்க இடமே இல்லை. அதனால் வைரஸ் மருந்துகள் ஒவ்வொரு வைரஸுக்கும் தனித்தனி. அக்கி, ஹெர்ப்பஸ் ஆகியவற்றுக்குத் தரும் அசைக்ளோவிர், அந்த வைரஸின் சொந்த நொதி தீண்டிய பிறகுதான் விஷமாக மாறும்; தொற்றில்லாத செல்லில் சும்மா கிடக்கும். ஃப்ளூவுக்கான ஓசெல்டாமிவிர் முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால் நல்ல பலன் தரும்.

பூஞ்சை இன்னும் சிக்கல், ஏனென்றால் அது நமக்கு நெருங்கிய சொந்தம். அதன் தோலில் கொலஸ்ட்ராலுக்குப் பதில் எர்கோஸ்டெரால் இருக்கிறது, பல பூஞ்சை மருந்துகள் அந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்துத் தொங்குகின்றன. இங்கே ஒரு எச்சரிக்கை. படர்தாமரைக்கு ஸ்டீராய்டு கலந்த களிம்பு பூசினால் இரண்டே நாளில் அரிப்பும் சிவப்பும் மாயமாகும். சிவப்பு நம் காவலின் வேலை என்று பார்த்தோம். ஸ்டீராய்டு காவலாளியைத் தூங்கவைக்கிறது, பூஞ்சை சத்தமில்லாமல் பரவுகிறது. நிறுத்தியதும் இரண்டு மடங்காகத் திரும்பி வரும். களிம்பின் பெயரில் இருப்பதை நம்பாமல் உள்ளடக்கத்தைப் படியுங்கள்.

மருந்தும் காவலும் சேர்ந்துதான் ஜெயிக்கின்றன. டாக்ஸிசைக்ளின் மாதிரி சில மருந்துகள் பெரும்பாலும் கிருமியைக் கொல்வதில்லை, பெருகவிடாமல் நிறுத்தி வைக்கின்றன. நின்ற கிருமியை விழுங்கித் தீர்ப்பது நியூட்ரோபில். கொல்லும் மருந்தும் பாதியில் நின்றால் என்ன ஆகும் என்பதற்கு 1941 பிப்ரவரியில் ஆக்ஸ்ஃபோர்டில் பெனிசிலின் பெற்ற போலீஸ்காரர் சாட்சி. முகமெல்லாம் சீழ்க்கட்டிகளோடு கிடந்தவர் சில நாளில் எழுந்து சாப்பிடும் அளவுக்குத் தேறினார். உலகத்தில் இருந்த பெனிசிலினே கொஞ்சம்தான். அவருடைய சிறுநீரிலிருந்து மருந்தைப் பிரித்தெடுத்து மறுபடி அவருக்கே போட்டார்கள். அதுவும் தீர்ந்தது. கிருமி மீண்டும் தலைதூக்கியது. மார்ச்சில் இறந்துபோனார்.

படி 5: கல்ச்சர் அறிக்கையைப் படிப்பது

ஒரு தட்டு. வெளிர் மஞ்சள் நிற ஜெல்லி. நோயாளியிடமிருந்து எடுத்த பாக்டீரியாவை அதன் மேல் பஞ்சால் நெருக்கமாகப் பூசி, சின்னப் பொட்டு அளவு காகித வில்லைகளை வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு மருந்து, 35 டிகிரி செல்சியஸில் இரவு முழுக்க வைப்போம். காலையில் மூடியைத் திறந்தால் தட்டு முழுக்கப் பனி படிந்த மாதிரி பாக்டீரியா, வில்லைகளைச் சுற்றி மட்டும் தெளிந்த வட்டங்கள். அளவுகோலை வைத்து மில்லிமீட்டரில் அளப்போம். சில வில்லைகளின் விளிம்பு வரை பாக்டீரியா நெருங்கி வந்து உட்கார்ந்திருக்கும். அந்த மருந்தைப் பொறுத்தவரை அது வெறும் காகிதம். சூடோமோனாஸ் என்றால் தட்டே நீலப்பச்சையாக, திராட்சை வாசனையோடு இருக்கும். ஆமாம், பச்சை நிறத்தில் ஒரு பாக்டீரியாவும் உண்டு. தொடக்கத்தில் 'பெரும்பாலும்' என்று போட்டது இதற்காகத்தான்.

அறிக்கையில் எஸ் என்றால் வழக்கமான அளவில் கேட்கும், ஆர் என்றால் கேட்காது. ஐ என்றால் அளவைக் கூட்டினாலோ, சிறுநீர் மாதிரி மருந்து செறிந்து சேரும் இடத்திலோ கேட்கலாம். சில அறிக்கைகளில் எம்ஐசி என்று எண்களும் இருக்கும், கிருமியை வளரவிடாமல் தடுக்கும் மிகக் குறைந்த மருந்தளவு அது. ஒரு மருந்துக்கு 0.5, இன்னொன்றுக்கு 4 என்றால் முதலாவதுதான் வலுவானது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு மருந்துக்கும் தனி எல்லைக் கோடு உண்டு, எண்களைக் குறுக்கே ஒப்பிட முடியாது.

சிறுநீரில் பாக்டீரியா முளைத்திருக்கிறது, எரிச்சலோ காய்ச்சலோ ஒன்றும் இல்லை என்றால் பெரும்பாலும் மருந்தே வேண்டாம். கர்ப்பிணிகளும், சிறுநீர்ப் பாதையில் அறுவைச் சிகிச்சை செய்துகொள்ளப் போகிறவர்களும் முக்கியமான விதிவிலக்கு. காகிதத்தில் இருக்கும் கிருமிக்கு மருத்துவம் பார்ப்பது எங்கள் துறையின் நிரந்தர வருத்தம்.

படி 6: மாத்திரையை விழுங்கும் முறை

சீட்டு கையில் கிடைத்ததும் நாலு கேள்வி: எந்தக் கிருமியை நினைத்து இது, எத்தனை நாள், உணவுக்கு முன்பா பின்பா, எப்போது கேட்கவில்லை என்று முடிவு செய்து திரும்பி வர வேண்டும்.

டாக்ஸிசைக்ளினையும் சிப்ரோஃப்ளாக்சசினையும் இரும்பு, கால்சியம் மாத்திரைகளோடோ அசிடிட்டிக்குக் குடிக்கும் மருந்தோடோ சேர்த்து விழுங்கினால் அவை ஒட்டிக்கொண்டு ரத்தத்தில் சேராமல் போய்விடும். சில மணி நேர இடைவெளி வேண்டும். டாக்ஸிசைக்ளினை ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி அரை மணி நேரம் படுக்காமல் இருங்கள். உணவுக்குழாயில் சிக்கிப் புண்ணாக்கிய கதைகள் நிறைய. காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகும், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் கருத்தடை மாத்திரையின் பலத்தை அது குறைத்துவிடும், மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். சிப்ரோ சாப்பிடும்போது குதிகாலின் தசைநாணில் வலி வந்தால் நிறுத்திவிட்டு உடனே கேளுங்கள். பெனிசிலின் அலர்ஜி என்று சொல்லிக்கொள்கிறவர்களில் முறையாகச் சோதித்தால் 10இல் 9 பேருக்கு மேல் அலர்ஜி இல்லை. சின்ன வயதில் எப்போதோ வந்த தடிப்பை வைத்து வாழ்நாள் முழுக்க நல்ல மருந்தை ஒதுக்கியிருப்பார்கள். முகம் வீங்கி மூச்சு திணறியவர்கள் சொந்தமாகச் சோதித்துப் பார்க்கக் கூடாது, அது தனி.

கோர்ஸ் எத்தனை நாள்? பழைய பழக்கத்தில் 7, 10, 14 என்று எழுதியது பலவற்றுக்கு இப்போது குறைந்திருக்கிறது. சிக்கலில்லாத நிமோனியாவுக்கு 5 நாளே பல பேருக்குப் போதும். காசநோய்க்கு அந்தச் சலுகை இல்லை. மெதுவாக வளரும், மேக்ரோபேஜுக்குள்ளேயே ஒளிந்து வாழும் கிருமி அது. வழக்கமான சிகிச்சை 6 மாதம், நடுவே விட்டால் ஆபத்து. சொந்த முடிவில் குறைக்கவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம். மிச்சமானதை அலமாரியில் வைத்து அடுத்த காய்ச்சலுக்கு எடுக்காதீர்கள்.

படி 7: மருந்து தோற்பது எப்படி

"என் உடம்புக்கு இந்த மாத்திரை பழகிப்போச்சு" என்பார்கள். உடம்புக்குப் பழகவில்லை, பாக்டீரியாவுக்குப் பழகியிருக்கிறது. அவற்றில் ஒன்றிரண்டு, பெனிசிலினை அறுக்கும் நொதியை முன்பே வைத்திருக்கும். அல்லது மருந்தை வெளியே இறைக்கும் பம்பு. அல்லது மருந்து ஒட்டும் இடத்தின் வடிவ மாற்றம். மருந்து மற்றவற்றைக் கொல்ல, இவை காலி மனையில் பெருகும். பெனிசிலினை அறுக்கும் நொதியை ஆக்ஸ்ஃபோர்டில் ஆபிரகாமும் செயினும் 1940லேயே அறிவித்துவிட்டார்கள், அதாவது அந்தப் போலீஸ்காரருக்கு ஊசி போடும் முன்பே. அந்த நொதிக்கு மசியாத மெதிசிலின் 1959இல் வந்தது. அதையும் தாங்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியா 1961இல் பதிவானது. இந்தத் திறமையின் மரபணுவைச் சிறு வளையமாக ஒரு பாக்டீரியா இன்னொன்றுக்குக் கைமாற்றவும் செய்யும், இனம் விட்டு இனம்கூட. 2019இல் மட்டும், மருந்து கேட்காத பாக்டீரியாவால் நேரடியாக 12.7 லட்சம் பேர் இறந்ததாக உலகளாவிய மதிப்பீடு சொல்கிறது.

உலக சுகாதார நிறுவனம் 2017 முதல் ஆன்டிபயாடிக்குகளை மூன்று அடுக்காகப் பிரித்து வைத்திருக்கிறது: முதலில் எடுக்க வேண்டியவை, எச்சரிக்கையோடு எடுக்க வேண்டியவை, கடைசிக் கையிருப்பு. அமாக்ஸிசிலின் முதல் அடுக்கு. அசித்ரோமைசின் இரண்டாவது, சாதாரண ஜலதோஷத்துக்குக் கைக்கு வரும் முதல் மாத்திரையாக அது இருக்கவே கூடாது.

படி 8: காத்திருக்கக் கூடாத நேரம்

மூச்சு வாங்குதல், குழப்பமான பேச்சு, எழுப்ப முடியாத தூக்கம், கழுத்து விறைப்பு, கண்ணாடி டம்ளரை வைத்து அழுத்தினாலும் மறையாத சிவப்புப் புள்ளிகள், அரை நாளாகச் சிறுநீர் வராமை, 3 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி. இவற்றில் எது இருந்தாலும் மேலே எழுதிய எதையும் புரட்டிக்கொண்டிருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

புற்றுநோய்க்குக் கீமோ எடுத்துக்கொள்கிறவர்களுக்கு வெறும் காய்ச்சலே போதும். அவர்களின் மஜ்ஜை நியூட்ரோபில்களைத் தயாரிப்பதைச் சில நாள் நிறுத்தியிருக்கும். எண்ணிக்கை ஒரு மைக்ரோலிட்டருக்கு 500க்குக் கீழே போனால், புண்ணில் சிவப்பு அதிகம் தெரியாது, சீழ் கட்டாது, நிமோனியா இருந்தும் சளி சரியாக வராது. அத்தகைய ஸ்லைடுகளை நான் பார்த்திருக்கிறேன். மைக்ராஸ்கோப்பில் தெரியும் வட்டம் முழுக்க இளஞ்சிவப்புக் குச்சிகளாகப் பாக்டீரியா. நடுவே ஒரு வெள்ளையணுகூட இல்லை. போனை எடுத்து வார்டைக் கூப்பிட்டுவிட்டுத்தான் அடுத்த ஸ்லைடைத் தொடுவோம். அந்த நோயாளிக்கு மருத்துவமனையில் கால் வைத்த 1 மணி நேரத்துக்குள் ரத்தக்குழாய் வழியாக ஆன்டிபயாடிக் ஏற வேண்டும். காவல் திரும்பி வரும்வரை அது தனியாக நிற்க வேண்டியிருக்கிறது. மஜ்ஜை விழித்து நியூட்ரோபில்கள் ரத்தத்தில் ஏறத் தொடங்கினால், கூடவே வறண்ட இருமல் மாறிச் சளி வரலாம். அது பச்சையாகவும் இருக்கலாம்.